பிழையான காதுக்கு விட்ட எண்ணெய்

எனக்கு எழுபத்தாறு வயது. நான் பெற்றது ஐந்து. மச்சாள் விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்து ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றையும் இன்னொருவர் வாசலில் போய் நிற்க விடவில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் என் கையால்தான் எழுதுவேன். அவசரம் எனக்கு இல்லை. வாசிக்கிற நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

நீங்கள் என்று நான் சொல்வது என் வயதுக்காரரை. ஞாயிறு பூசை முடிந்த பிறகு கோயில் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருக்கிறோமே, அந்த நம்மை. போன மாதம் உங்களில் ஒருவர் ஒரு கதை சொன்னீர்கள். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில், ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, ஒரு மனுஷன் நல்ல சாராய வெறியில் கோயிலுக்கு வந்து, பெண்கள் ஒப்பாரி பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து பாடி எல்லாவற்றையும் குழப்பினானாம். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும், என்னோடு கூட வந்திருந்த பேத்தி கேட்டாள்: "அது உங்கட அப்பாவெல்லோ அம்மம்மா, நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

கதை சொன்னவருக்கு அது என் அப்பா என்று தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார். அவரில் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அன்று அப்பாவின் வாயில் ஒரு துளி சாராயம் பட்டிருக்கவில்லை. அதை எழுதி வைக்காமல் நான் போகக்கூடாது. எழுதுவதென்றால் அந்தத் தவக்காலம் முழுவதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது நாங்கள் ஓர்ஸ் ஹில் சரிவுக்குக் கீழே, உள்துறைமுகப் பக்கம் பார்த்த வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் கிணறு. காற்று மாறினால் தார் மணக்கும், மற்ற நாளில் கருவாடு மணக்கும். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், எதிலும் முந்துகிறவள்.

அப்பாவுக்குக் கரையில் வேலை. வெள்ளைக்கார நேவி போன பிறகு தேடுவாரற்றுக் கிடந்த பார்ஜ்கள், பழைய இரும்பு வள்ளங்கள் எல்லாவற்றையும் ஒரு கொந்தராத்துக்காரர் வாங்கி, துருத் தட்டி, பெயின்ற் பூசி விற்பார். அப்பாவும் இன்னும் சிலரும் வள்ளத்தின் வயிற்றுக்குள் இறங்கிச் சுத்தியலால் துருவைத் தட்டுவார்கள். நாலு பக்கமும் இரும்பு. மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வாசல். உள்ளே அடிக்கிற சத்தம் வெளியே போக வழியில்லாமல் அடிக்கிறவனுக்குள்ளேயே போகும். சோறு கொண்டு போகும்போது அந்த வாசலடியில் நிற்கவே எனக்குப் பல்லுக் கூசும். பின்னேரம் அப்பா வந்தால் கண்ணிமையிலும் சிவப்புத் தூள் இருக்கும். அம்மா அவரை வீட்டுக்குள் விடாமல் நேரே கிணற்றடிக்கு அனுப்புவார்.

அம்மா அப்பாவைக் கூப்பிடுவது ஒரு தனி விதம். குசினி வாசலில் நின்று, "இஞ்சா...ருங்கோ" என்பார். முதல் பாதி மேலே நிற்கும், மற்றப் பாதி இறங்கும். அப்பா கிணற்றடியில் நின்றாலும் ஒழுங்கையில் நின்றாலும் "ஓ...ம்" என்பார். அம்மா எந்தச் சுரத்தில் விட்டாரோ அதே சுரத்தில் எடுப்பார். இரண்டு பேர் நிறைந்த வாளியைச் சிந்தாமல் கைமாற்றுவது போல இருக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அடுப்பு எரிவது போல அதுவும் ஒவ்வொரு நாளும் நடக்கிற ஒன்று.

அப்பாவுக்குக் குரல் நல்லது. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் ஆர்மோனியத்தைப் பூட்டி, ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்கள். உயிர்த்த ஞாயிறு வரை ஒரு கட்டையையும் அழுத்தக்கூடாது. ஒப்பாரி எல்லாம் வெறும் வாய்ப்பாட்டு. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, மாறி மாறி ஒவ்வொரு அடி. ஆண்கள் வரிசைக்கு முன்னால் நின்று சுருதி எடுத்துக் கொடுப்பவர் அப்பா. துருத் தட்டுகிற மனுஷனுக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அதுதான். பெரிய வெள்ளிக்கென்று அம்மா அவருடைய வெள்ளைச் சேட்டைக் கஞ்சி போட்டு வைத்திருப்பார்.

எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஒரு சிஸ்டர் வந்திருந்தார். தவக்காலத்துக்கு முன், ஆர்மோனியம் திறந்திருந்த நாட்களில், பெண்பிள்ளைகளை நிரையாக நிற்பாட்டி ஒரு கட்டையை அழுத்தி, இது என்ன சுரம் என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். சிஸ்டர் சிரித்தார்.

"தெரியாது எண்டு சொல்லுங்கோ பிள்ளையள். தனிய வந்த சுரத்துக்குப் பேரில்லை. ரெண்டாவது ஒண்டு வரட்டும், பிறகு கேளுங்கோ, எவ்வளவு தூரம் எண்டு."

இரண்டு கட்டைகளை ஒன்றன் பின் ஒன்றாக அழுத்தினார். அவற்றுக்கு இடையில் ஏணி இருப்பதாக நினை, எத்தனை படி ஏறினாய் என்று சொல் என்றார். சுரத்தை மனதில் வைக்காதே, தூரத்தை வை. எங்கே தொடங்கினாலும் தூரம் மாறாது. அந்தப் பாடம் அவ்வளவுதான். தெரிந்த சத்தங்களில் தேடிப் பழகச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

எனக்கு அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் படியாகிவிட்டது. அம்மா அப்பாவைக் கூப்பிடுவது இரண்டு படி இறக்கம். கச்சான் கடலை விற்கிறவர் "கச்சாஆன்" என்று இழுப்பது மூன்று படி ஏற்றம். மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகிற லோஞ்ச் ஊதி, அதே நேரம் கோயில் மணியும் அடித்தால் இடையில் நாலு படி. அக்கா இதை விளையாட்டாகவே ஆக்கினாள். கரையில் தண்ணீருக்குள் இறங்குகிற கற்படிகள் இருந்தன. அக்கா ஒரு படியில் நின்று ஒரு சுரத்தை முனகுவாள், அது தரை. நான் அவளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்பேன். பிறகு இன்னொரு சுரத்தை முனகிக்கொண்டே அவள் தன்பாட்டில் ஏறியோ இறங்கியோ போவாள். நான் கேட்ட தூரத்துக்கு நானும் போய் நிற்க வேண்டும். கண்ணைத் திறக்கும்போது இருவரும் ஒரே படியில் நின்றால் சரி. பிழைத்தால் ஒரு தள்ளு. முதல் கிழமை முழுவதும் நான் நனைந்த பாவாடையோடுதான் வீட்டுக்குப் போனேன். அடுத்த கிழமை அக்காவால் என்னைத் தள்ள ஏலாமல் போயிற்று. அவள் இரண்டு சுரத்துக்கு நடுவில் நழுவி முனகி ஏமாற்றினாலும், நான் இரண்டு படியிலும் ஒவ்வொரு காலை வைத்து நின்றேன்.

"உனக்குக் காதிலை பிசாசு இருக்கு," என்றாள். அதைவிடப் பெரிய புகழ்ச்சி அவளிடமிருந்து எனக்குப் பிறகு கிடைத்ததில்லை.

சிஸ்டர் என்னைப் பெண்பிள்ளைகள் வரிசைக்கு முதலில் நிற்பாட்டினார். பெரிய வெள்ளிக்கு முதற்குரல் நான்தான் என்றார். ஆண்கள் பக்கம் அப்பா, பெண்கள் பக்கம் நான். அம்மா எனக்கு ஒரு வெள்ளைத் துணி முக்காடு தைக்கத் தொடங்கினார், ஓரத்தில் சின்னச் சின்னப் பூ வைத்து.

அந்த நாட்களில்தான் அப்பாவின் "ஓம்" இறங்கியது.

முதலில் நான் அதைப் பிழையாக எண்ணவில்லை. அம்மா விட்ட இடத்தில் அது வந்து நிற்கவில்லை, கொஞ்சம் கீழே நின்றது. சில நாளில் ஒரு படி முழுவதும் கீழே போய்விட்டது. சில நாளில் படிக்கும் படிக்கும் நடுவில் தொங்கியது. ஒரு நாள் அம்மா கூப்பிட்டார், அது வரவேயில்லை. அம்மா குசினி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி அடுப்படிக்குப் போனார்.

அம்மாவுக்கு அதற்கு ஒரு காரணம் ஆயத்தமாக இருந்தது. பாலையூற்றில் அவருடைய அண்ணன் தன் காணியில் ஒரு துண்டு தருகிறேன் என்றிருந்தார். அம்மாவுக்குப் போக விருப்பம். கரையை விட்டு அவ்வளவு தூரம் போனால் விடிய வேலைக்கு வர ஏலாது என்று அப்பா மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பா மறுமொழி சொல்லாத ஒவ்வொரு தரமும் அம்மா அதைப் பாலையூற்றுக் கணக்கிலேயே போட்டார். முகத்துக்கு நேரே இருந்து சோறு போடும்போது அப்பா சாதாரணமாகக் கதைப்பார். அப்படியிருக்க முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் மட்டும் கேளாது என்று எந்தப் பெண்தான் நினைப்பாள்.

"வேண்டினது கேக்குது, வேண்டாதது கேக்கேல்லை," என்று அம்மா சட்டி பானையிடம் சொல்வார்.

தவக்காலத்தின் மூன்றாவது வெள்ளி, ஒப்பாரிப் பயிற்சி. பெண்கள் ஓர் அடியை முடிக்கிற சுரத்திலிருந்து மூன்று படி கீழே ஆண்கள் தொடங்க வேண்டும். அப்பா நாலு படி கீழே தொடங்கினார். ஆண்கள் அவரோடு போனார்கள். பெண்களும் அதற்கேற்ப இறங்கிப் பாடினார்கள். அடுத்த முறை இன்னும் ஒரு படி. இப்படியே எல்லோரும் கைகோத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினோம். ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்து இறங்கினால் இறங்குவது தெரியாது. எனக்குத் தொண்டை எட்டவில்லை. என் முறை வந்தபோது தொடங்கிய தரையை நினைத்து, அங்கிருந்து எண்ணி, சரியான இடத்தில் எடுத்தேன்.

ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் சிரித்தார். பாட்டு உடைந்து நின்றது.

"பிள்ளை, நீ ஏன் மேலை இழுக்கிறாய்? அப்பா தாற சுருதியை எடு," என்றார் சிஸ்டர்.

"அப்பா கீழை போயிட்டார் சிஸ்டர். ஆர்மோனியத்தை ஒருக்காத் திறந்து பாருங்கோ. ஒரே ஒரு கட்டை."

தவக்காலத்தில் ஆர்மோனியத்தைத் திறக்கச் சொன்ன பிள்ளையைக் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிஸ்டரின் முகம் சிவந்தது. அப்பாவிடம் திரும்பி, நீங்களே சொல்லுங்கோ, பிழை ஆரிலை என்று கேட்டார். கேள்வி அப்பாவின் காதில் விழவில்லை. சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார், எல்லோருடைய முகத்தையும் பார்த்தார், கடைசியாக "ஓம்" என்றார்.

பிழை ஆரில் என்று கேட்டால் ஓம் என்று ஒருவர் மறுமொழி சொல்வாரா? இன்று யோசிக்கையில் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் அன்று எல்லோருக்கும் அது விளங்கிவிட்டது. தகப்பனே ஒத்துக்கொள்கிறார், பிள்ளைதான் பிழை. ஒரு பக்கம் வருஷக்கணக்காகச் சுருதி கொடுக்கிற ஆம்பிளை, மறுபக்கம் நனைந்த பாவாடையோடு திரிகிற ஒரு பெட்டை. தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே பொருள் ஊதாத் துணிக்குள் பூட்டிக் கிடந்தது.

அம்மாவிடம் சிஸ்டர் மெதுவாகச் சொல்லியனுப்பினார்: பிள்ளைக்குக் காதில் ஏதோ குறை போல, பாருங்கள்.

அம்மா பார்த்தார். நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, ஒரு நீலப் போத்தலில் ஊற்றி வைத்தார். ஒவ்வொரு பின்னேரமும் என்னைப் பலகையில் இருத்தி, தலையைத் தன் மடியில் சாய்த்து, கோழியிறகால் காதுக்குள் விடுவார். எண்ணெய் உள்ளே போகும்போது கடல் நெருங்கி வருவது போல இருக்கும், பிறகு எல்லாச் சத்தமும் தூரப் போய்விடும். அம்மாவின் சீலையில் புகையும் உள்ளியும் மணக்கும். அந்த மடியிலிருந்து பார்த்தால் கிணற்றடி தெரியும். அங்கே அப்பா குளித்துக்கொண்டு நிற்பார், காதுக்குள் விரலை விட்டு விட்டு ஆட்டியபடி. அம்மாவும் அதைப் பார்ப்பார். துருத்தூள் என்று நினைத்திருப்பார். மருந்து இரண்டு பாகம் தள்ளி, பிழையான காதில் விழுந்துகொண்டிருந்தது.

எண்ணெயால் ஒன்றும் ஆகவில்லை, ஆவதற்கு ஒன்றும் இருக்கவுமில்லை. நான் இன்னமும் அப்பா கீழே பாடுகிறார் என்றே சொன்னேன். அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவும் அரை நாள் லீவு போட்டு வந்தார்.

டொக்டர் எனக்குப் பின்னால் நின்று ஏதேதோ குசுகுசுத்தார், எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். பிறகு கவை போன்ற ஓர் இரும்பை எடுத்து முழங்காலில் தட்டி என் காதடியில் பிடித்தார். அது அழகாகப் பாடியது. கேட்கிறதா என்றார். அப்போதுதான் வெளியே லோஞ்ச் ஊதி முடிந்திருந்தது.

"லோஞ்ச் ஊதினதிலையிருந்து ரெண்டு படி மேலை, ஐயா," என்றேன்.

டொக்டர் சிரித்துவிட்டு, பிள்ளைக்குக் காதில் ஒரு பழுதும் இல்லை என்றார். அந்த இரும்பை என் கையில் தந்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் அதை முழங்காலில் தட்டி, அப்பாவின் காதடியில் பிடித்தேன். விளையாட்டுக்குத்தான். அப்பா தலையாட்டினார், கேட்கிறது என்று. என் விரலுக்குள் அதன் துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோயிற்று. இரும்பு சும்மா இரும்பாகிவிட்டது. அப்பா இன்னமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஆட்டுவதை நிறுத்தினார். என் கையிலிருந்து அதை மெதுவாக எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கணத்தில் எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, டொக்டர் அப்பாவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா பேசாமல் நின்றார். இரண்டாம் தரமும் கேட்டார். அம்மா பதறிப்போய், கரையில் துருத் தட்டுகிற வேலை ஐயா என்று தானே சொன்னார். டொக்டர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த ஓர் அறையில் காது பார்க்கிற டொக்டர் இருந்தார், காது கேளாத மனுஷனும் இருந்தார். அவர்களுக்கு நடுவில் நல்ல காதோடு நான் கதிரையில் இருந்தேன்.

வழி நெடுக அம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டு வந்தார். பெரிய மனுஷன் கேட்டால் ஒரு மறுமொழி சொல்லக்கூடாதா, என்னில் உள்ள கோபத்தை டொக்டரிலுமா காட்டுவது என்று. அப்பா முன்னால் நடந்தார்.

அன்று பின்னேரம் நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா அம்மாவிடம் போய்ச் சொன்னாள். எனக்கு விழுந்த குட்டு இப்போதும் உச்சியில் தடவினால் தெரியும் போல இருக்கிறது.

"உன்ரை பிழையை மறைக்கக் கொப்பாவைச் செவிடன் எண்டு சொல்லுறியோ? இவ்வளவு வாய் உனக்கு எங்கையிருந்து வந்தது?"

காது நல்லது என்று டொக்டர் சொன்னதே எனக்கு வினையாகப் போயிற்று. காதில் குறை இல்லையென்றால் குறை குணத்தில்தானே. சிஸ்டர் முதற்குரலை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தார். என்னைச் சின்னப் பிள்ளைகளோடு பக்கத்து வாசலடியில் இருக்கச் சொன்னார்கள், வாய் திறக்காமல். பூ வைத்துத் தைத்த முக்காட்டை அக்கா போட்டுக்கொண்டாள்.

பெரிய வெள்ளி வந்தது. நீங்கள் சிரித்த அந்தப் பின்னேரம்.

அப்பா அதுவரை எப்படிச் சமாளித்தார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அவர் பெண்களின் வாயைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். அவர்கள் வாய் மூடியதும் தான் தொடங்குவார். பயிற்சி நாட்களில் பெண்கள் முகம் திறந்து நின்றார்கள். ஆனால் பெரிய வெள்ளி ஒப்பாரிக்கு எங்கள் கோயிலில் என்ன வழக்கம்? துக்கத்துக்காக முக்காட்டை முகத்துக்கு மேலே இழுத்து விட்டு, தலையைக் குனிந்துகொண்டு பாடுவார்கள். கதவுகளையும் அரைவாசி சாத்தியிருந்தார்கள். ஆண்கள் வரிசைக்கு முன்னால் கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டோடு நின்ற அப்பாவுக்கு ஒரு வாயும் தெரியவில்லை. முன்னால் வெறும் வெள்ளைத் துணி.

முதல் இரண்டு அடி எப்படியோ போயிற்று. மூன்றாவதில், பெண்கள் பாதி பாடிக்கொண்டிருக்கும்போது, அப்பா தொடங்கிவிட்டார். எங்கேயோ கீழே, ஒருவருடைய சுரத்திலும் ஒட்டாமல். ஆனால் பெரிய குரலில். பெண்கள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். ஆண்களும் வாயை மூடினார்கள். அப்பா தனியே தன் அடியைப் பாடி முடித்தார்.

அதன் பிறகு நடந்ததை, கதை சொல்லுகிறவர்கள் எவரும் சொல்லுவதில்லை. கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா தலையைக் குனிந்து, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, காத்துக்கொண்டு நின்றார். பெண்கள் தங்கள் அடியைப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றார். யாரும் பாடவில்லை. அந்தப் பாடாத அடி முடிகிற வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, அடுத்ததைத் தொடங்கினார்.

யாரோ பின்னால், "வெறி," என்றார்கள். அந்தச் சொல் வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. மூப்பர் வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். அப்பா அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு பெண்கள் பக்கம் பார்த்தார். அப்போது எல்லா முக்காடுகளும் மேலே போயிருந்தன, எல்லா வாய்களும் மூடியிருந்தன. அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் மூப்பரோடு வெளியே நடந்தார். நடக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். வேண்டுமென்றே சாய்ந்தார் என்று நான் அறிந்தது பிறகு.

அம்மாவுக்கு மூக்கு இருந்தது. மணம் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஊர் நம்பியதை அம்மா நம்பவில்லை, அதைவிட மோசமான ஒன்றை நம்பினார். தன்னை ஊருக்கு முன்னால் வெட்கப்படுத்த வேண்டுமென்றே செய்தார் என்று. அன்று காலையும் பாலையூற்றுக் கதை ஒன்று நடந்திருந்தது.

உயிர்த்த ஞாயிறு ஆர்மோனியத்தைத் திறந்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஒரு கட்டையை அழுத்தி, மூன்று படி மேலே பாடச் சொன்னார். பாடினேன். நாலு படி கீழே. பாடினேன். அவர் பூசைப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு மாதா படத்தை எடுத்து என் கையில் வைத்தார். மன்னிப்பு என்று பெரியவர்கள் அப்போது பிள்ளைகளிடம் கேட்பதில்லை, படம் கொடுப்பார்கள். என் காது சரி என்று அவருக்கு விளங்கியது. என் காது சரியென்றால் அப்பாவின் காது என்ன என்று ஒரு படி மேலே போய் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. படம் பிறகு சண்டைக்குப் பயந்து ஓடித் திரிந்த காலத்தில் எங்கோ போய்விட்டது.

அம்மா அப்பாவைக் கூப்பிடுவதை நிறுத்தினார். "கொப்பாவைச் சாப்பிடச் சொல்லு," என்று எங்களை அனுப்புவார். நாங்கள் போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுப்போம், அவர் வருவார். அதனால்தான் அது அவ்வளவு காலம் ஒளிந்திருந்தது. கூப்பிட்டால்தானே கேளாதது தெரியும். "இஞ்சாருங்கோ" இல்லாத வீட்டில் "ஓம்" இல்லாததை யார் கண்டுபிடிப்பார்கள்? அவர் கோபித்துப் பேசாமல் இருக்கிறார் என்று அம்மா நினைத்தார். வெட்கத்தில் அம்மா தன்னைக் கூப்பிடுவதில்லை என்று அப்பா நினைத்திருப்பார். நான் ஒரு தரம் சொல்லிக் குட்டு வாங்கியிருந்தேன். பிறகும் சொன்னேன், அதற்கும் குட்டுத்தான்.

மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், ஞானோபதேசம் முடிந்து நானும் அக்காவும் ஒழுங்கையால் வந்தோம். மழை விட்டிருந்தது. அம்மா குசினி வாசலில் நின்றார். கூரை எங்கோ ஒழுகியிருக்க வேண்டும், கையில் ஒரு சட்டி. வீட்டில் அனுப்ப நாங்களும் இல்லை. அப்பா கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் இழுத்தார்.

அம்மா கூப்பிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. "இஞ்சா...ருங்கோ." இரண்டு படி, அதே இறக்கம். அப்பா கயிற்றை இழுத்தார்.

அம்மா சட்டியை வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கினார். பாதித் தூரத்தில் நின்று மறுபடியும் கூப்பிட்டார். பிறகு வாழையடியில் நின்று. ஒவ்வொரு முறையும் குரல் சிறிதாகிக்கொண்டு வந்தது, கூப்பிடுகிற குரலாக இல்லாமல் கேட்கிற குரலாக. கடைசியில் கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நின்று, மெல்ல, "இஞ்சாருங்கோ," என்றார். அப்பா வாளியைக் கவிழ்த்துக் காலைக் கழுவினார்.

அம்மா அவருடைய முதுகில் கையை வைத்தார். அப்பா துள்ளித் திரும்பினார். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் கிணற்றைப் பார்த்தோம், அப்பா மட்டும் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அழவில்லை. உள்ளே போனார், சுவர்த்தட்டில் இருந்த நீலப் போத்தலை எடுத்து வந்தார். எண்ணெய் பழசாகிப் புளித்து மணத்தது. ஈரப் பலகையைப் போட்டு இருந்து, அப்பாவின் தலையைத் தன் மடியில் சாய்த்து, கோழியிறகைத் தோய்த்தார். பிரயோசனம் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஒரு காதுக்கு விட்டு, பிறகு மற்றக் காதுக்கும் விட்டார். அப்பா சின்னப் பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

பிறகு அம்மா அவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து கேட்டார்: "ஏன் சொல்லேல்லை?"

"கீழை நிக்கிறவனுக்கு, மேலை இருந்து விலகு எண்டு கத்தினால் கேக்கவேணும். கேளாதவனை வள்ளத்துக்குள்ளை இறக்காங்கள்," என்றார் அப்பா. பிறகு, "வெறிகாரனெண்டால் திங்கக்கிழமை வேலைக்குக் கூப்பிடுவாங்கள். செவிடனெண்டால் கூப்பிடாங்கள்," என்றார்.

அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அம்மா அப்பாவின் முன்னால் போய் நின்றுதான் கதைத்தார். சோறு அடிப்பிடிக்கிற நேரத்திலும் அகப்பையை வைத்துவிட்டு, முற்றம் தாண்டி, சுற்றி வந்து முன்னால் நிற்பார். வெறிகாரன் என்ற பேரை அம்மாவும் மாற்றவில்லை, எங்களையும் மாற்றவிடவில்லை. நாங்கள் அந்தப் பேரில்தான் சோறு தின்றோம். அப்பா பிறகு கோயிலில் பாடவில்லை. பின்வரிசையில் தூணோடு நின்றுவிட்டு வருவார்.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, கொந்தராத்துக்காரரும் இல்லை. இனி அந்தப் பேரால் ஒருவருக்கும் பயன் இல்லை. ஆகவே அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் அப்பா வெறியில் பாடவில்லை.

எனக்கு மிச்சமாக நிற்கிற துக்கம் அந்தப் பேரைப் பற்றியதும் இல்லை. அந்தச் சில மாதங்களைப் பற்றியது. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கூப்பிடாமல், கோபம் இல்லாத இடத்தில் கோபத்தை வைத்துக்கொண்டு இருந்த மாதங்கள். பிள்ளையின் காதை நம்பியிருந்தால் அது ஒரு நாளும் இருந்திருக்காது. எண்ணெய் அப்போதே சரியான காதுக்குப் போயிருந்தால் காது திரும்பியிராது, எனக்குத் தெரியும். ஆனால் அவர் தலை வைத்த மடி முன்னமே கிடைத்திருக்கும்.

பேத்தி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அன்று வேப்பமரத்தின் கீழ் நான் ஏன் சிரித்தேன் என்று. உங்கள் முகங்கள் எல்லாம் சிரித்தன, ஆகவே நானும் சிரித்தேன். கதை என்ன என்று வீட்டுக்கு வந்து பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேல் படிகள் எனக்கு எப்போதோ போய்விட்டன. லோஞ்ச் கேட்கும், மணி கேளாது. அக்கா வெளிநாட்டிலிருந்து போனில் கதைத்தால் ஓம், ஓம் என்கிறேன். ஏழு பிள்ளைகளை வளர்த்தவள், எனக்குக் கேளாது என்று சொல்ல வாய் வரவில்லை. அது எங்கள் வீட்டுப் பழக்கம். அது என்னோடு நிற்கட்டும்.

பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். கூப்பிடுகிறேன்.

"பிள்ளை, எழுதி முடிஞ்சுது. ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. முதுகுக்குப் பின்னாலை நிண்டு வாசியாதை. சுத்தி வந்து முன்னாலை இரு. உன்ரை வாய் எனக்குத் தெரியட்டும்."